பாவையும் பாகனும்

தமிழகத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் பழம்புகழ் வாய்ந்தது கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்கும் இம்மலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1300 மீட்டர் உயரம் உடையது. மலைமேல் பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் காப்பியும் விளைகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கு வாழும் மலைமக்களின் பழைய பயிர்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை என்னும் அருவி வீழ்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும், வில்லாற்றலில் ஒப்பற்றவன் எனப் புலவர்களால் பாடப்பெற்றவனுமாகிய வல்வில் ஓரி ஆண்ட நாடு இதுவே.

இம்மலைக்கு ஏறும் வழிகளுள், அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து செல்லும் சாலை பலரும் அறிந்தது. அச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். ஒரு வளைவில் திரும்பி மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு எதிர்ப்படும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் அதன் ஒலி காதுக்கு எட்ட வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கிவரும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்புதல் ஆகாது. இடைவிடாது மிதித்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஆதலின் தாழ்ந்த கியரில் வண்டியை வைத்து, எஞ்சினே அதன் வேகத்தை அடக்குமாறு மெல்ல இறக்குவர். மழைக்காலத்தில் பாறைத் துண்டுகள் சாலையில் உருண்டு கிடக்கலாம். விடியற்காலையில் மூடுபனி வழியை மறைக்கலாம். இவ்வளவையும் அறிந்து, நாள்தோறும் மக்களை ஏற்றி இறக்கும் பேருந்து ஓட்டுநரின் தொழில் எளியதன்று.

இத்தகைய சாலையில் ஓட்டுநர் இல்லாத ஊர்தி ஒன்று தானே ஏறி வருமானால் எவ்வாறு இருக்கும்? இக்கேள்வி சிறுவர் கற்பனை போலத் தோன்றலாம். ஆயினும் உலகின் சில நகரங்களில் இன்று ஓட்டும் இருக்கையில் ஒருவரும் இல்லாத வாடகைக் கார்கள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆதலின், இது வருமா என்று கேட்பதைவிட, வரும்போது எதனை அதற்குக் கொடுக்கலாம், எதனைக் கொடுத்தல் ஆகாது என்று ஆராய்வதே அறிவுடைமை ஆகும்.

தானே இயங்கும் பொறியைப் பற்றிய எண்ணம் நமக்குப் புதியதன்று. கொல்லிமலையே அதற்குச் சான்று. இம்மலையில் தெய்வம் அமைத்த பாவை ஒன்று உண்டு என்று சங்கப் புலவர்கள் பாடினர். காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் சிதையாத பேரழகு வாய்ந்தது அப்பாவை என்றனர். தலைவியின் அழகுக்கு அதனை உவமையாகக் காட்டினர். அதனைப் பற்றி வழிவழியாக வழங்கும் கதையும் ஒன்று உண்டு. மலையில் வாழ்வோர்க்குத் தீங்கு செய்ய வரும் அரக்கர்களை அப்பாவை நகைத்து மயக்கிக் கொல்லுமாம். அதனைக் கையால் இயக்குவார் ஒருவரும் இல்லை. பகைவர் வருவதைத் தானே உணர்ந்து தானே தொழிற்படும் காவற்பொறி அது. இன்று அறிவியல் கதைகளில் வரும் எந்திர மனிதனின் முன்னோள் என்று அதனைக் கூறினும் பிழையில்லை.

பாவைக்கு நிகராக, ஊர்தியைப் பற்றிய கற்பனையும் நம் இலக்கியத்தில் உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், பாகன் செலுத்தாமல் தானே செல்லும் விண்ணூர்தி ஒன்று பேசப்படுகின்றது. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி என்னும் வானூர்தி வருகின்றது. பகைவனாகிய கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, சச்சந்தன் என்னும் மன்னன் கருவுற்ற தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பினான். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், உதயணன் என்னும் மன்னனைச் சிறைப்பிடிப்பதற்காக யானை வடிவில் பொறி ஒன்றைச் செய்து விடுத்தனர். காட்டு யானை என்று கருதி அதனை அணுகிய உதயணன் அகப்பட்டான்; அதன் வயிற்றினுள் வீரர்கள் மறைந்திருந்தனர்.

இவற்றைக் கொண்டு, பண்டைத் தமிழர் வானூர்தியும் எந்திர மனிதனும் செய்து பயன்படுத்தினர் என்று பெருமை பேசுவாரும் உளர். அது பொருந்தாது. கற்பனை வேறு, கருவி வேறு. கற்பனையைக் கருவி என்று கூறுவதால் கற்பனைக்கும் பெருமை இல்லை. வரலாற்றுக்கும் பெருமை இல்லை. அப்புலவர்கள் செய்தது அதனினும் பெரிய செயல். தானே இயங்கும் பொறி ஒன்று மனித வாழ்வில் புகுந்தால் என்ன நேரும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்த்தனர். அவ்வெண்ணத்திலிருந்து நாம் மூன்று கேள்விகளைக் கற்றுக்கொள்ளலாம்.

முதற்கேள்வி, இப்பொறியை ஏவியவர் யார் என்பது. பெருங்கதையின் யானை தானே நடந்தது போலத் தோன்றியது. அதனுள் இருந்தவர்களோ மனிதர்கள். அவர்களை அனுப்பியவன் ஒரு மன்னன். உதயணன் யானையைக் கண்டானேயன்றி, அதனை ஏவியவனைக் காணவில்லை. அதுவே அவன் பிழை. இரண்டாம் கேள்வி, இப்பொறியை இயக்கவும் நிறுத்தவும் வல்லவர் யார் என்பது. மயிற்பொறியின் விசையை வலமாகத் திருகினால் அது மேலே எழும். இடமாகத் திருகினால் கீழே இறங்கும். இடர் வருமுன்னரே விசயை அதனை இயக்கக் கற்றிருந்தாள். அக்கல்வியே அவளையும் அவள் வயிற்றில் இருந்த சீவகனையும் காத்தது. மூன்றாம் கேள்வி, பிழை நேரின் விடை சொல்பவர் யார் என்பது. கொல்லிப்பாவைக்கு நகைக்கத் தெரியும், கொல்லத் தெரியும், விடை சொல்லத் தெரியாது. வந்தவன் பகைவனா வழிப்போக்கனா என்று அது தவறாக உணர்ந்தால், அதனிடம் முறையிடுவதற்கு வழி ஏது?

மேலைநாட்டுக் கதையாசிரியர்களும் இக்கேள்விகளையே வேறு வேறு வடிவில் எழுப்பினர். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகம் ஒன்றே 'ரோபோ' என்னும் சொல்லை உலகிற்கு வழங்கியது. மனிதனுக்காக உழைக்கச் செய்யப்பட்ட அவ்வுயிர்கள் மனிதனை எதிர்த்து எழுவதே அந்நாடகத்தின் கதை. ஐசக் அசிமோவ் 1942-இல் வெளியிட்ட கதை ஒன்றில், எந்திர மனிதர் பின்பற்ற வேண்டிய மூன்று விதிகளை வகுத்தார். அவரே 1953-இல் தாமே ஓடும் கார்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதில் கார்கள் தம்மை வருத்திய மனிதனைக் கொன்றுவிடுகின்றன. அக்கார்களைப் பரிவுடன் வளர்த்த முதியவர், அதன்பின் அவற்றை முன்போல் நம்ப இயலாமல் கலங்குகின்றார். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் புதினத்தில், மனிதர் எண்ணும் பொறிகளை அறவே விலக்கிவிடுகின்றனர். தமிழில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா', ஜீனோ என்னும் எந்திர நாயை வீடுதோறும் அறிமுகம் செய்து வைத்தது.

கதையைப் படிப்பதோடு நில்லாமல், கதைமாந்தராகத் தாமே மாறி ஆடும் விளையாட்டும் ஒன்று உண்டு. நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையின் உலகை விவரிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு மாந்தரை ஏற்று, அம்மாந்தர் என்ன செய்வார் என்று கூறுவர். வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். அமெரிக்க நாட்டில் 1974-இல் அச்சேறிய இவ்வகை ஆட்டம் விரைவில் பரவியது. 1977-இல் மார்க் மில்லர் என்பார் 'டிராவலர்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். விண்மீன்களுக்கு இடையே கப்பல் செலுத்தும் காலத்தைப் பற்றிய ஆட்டம் அது. அதில் கப்பலைச் செலுத்துபவர் ஒருவர். வழி காண்பவர் ஒருவர். எஞ்சினைக் காப்பவர் ஒருவர் என்று பணிகள் பகுக்கப்பட்டுள்ளன.

இங்கே ஒரு வியப்பு. விண்மீனுக்குச் செல்லும் அறிவு பெற்ற மக்கள், கப்பலைத் தானே செல்லுமாறு அமைக்க மாட்டார்களா? அமைப்பார்கள். ஆயினும் அவ்வாறு அமைத்துவிட்டால், ஆடுவோர்க்குச் செய்வதற்கு ஒன்றும் இராது. கப்பல் தானே புறப்படும், தானே சேரும், அமர்ந்திருப்போர் கொட்டாவி விடுவர். ஆதலின் இத்தகைய ஆட்டங்களை அமைப்போர், பொறி எவ்வளவு வளர்ந்ததாக இருப்பினும், மனிதன் கையில் ஒரு பணியை விட்டுவைக்க முயல்கின்றனர். மனிதன் போய்ச் சேருவதை மட்டும் விரும்புவதில்லை. தன் செயலால் போய்ச் சேர விரும்புகின்றான். இவ்வுண்மையை விளையாட்டும் காட்டுகின்றது.

ஆயினும் விளையாட்டின் நீதியை அப்படியே சாலைக்குக் கொண்டுவருதல் தவறு. விளையாட்டில் இடர் இனிமை தரும். சாலையில் இடர் உயிரைக் கொள்ளும். கொல்லிமலைப் பேருந்தில் அமர்ந்திருக்கும் தாய், ஓட்டுநர் தம் வீரத்தைக் காட்ட வேண்டும் என்று விரும்புவதில்லை. தன் குழந்தை நலமாக ஊர் சேர வேண்டும் என்றே விரும்புகின்றாள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று அரசின் அறிக்கை கூறுகின்றது. மிகு வேகமும் உறக்கமும் குடியும் கவனக் குறைவும் எத்துணைக் குடும்பங்களை அழித்துள்ளன! பொறி குடிப்பதில்லை, உறங்குவதில்லை, சினங்கொண்டு முந்துவதில்லை. இதனை எண்ணாது, ஓட்டுநர் இல்லாத ஊர்தியே வேண்டாம் என்று ஒரே சொல்லால் ஒதுக்குதல் நேர்மை ஆகாது.

இப்பொறிகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை அறிதல் நலம். 2004-இல் அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில், தாமே ஓடும் வண்டிகளுக்குப் போட்டி நடத்தினர். வழியின் நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வண்டியும் எல்லையை அடையவில்லை. மிகுதியாகச் சென்ற வண்டியும் ஏறத்தாழ 12 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. மறு ஆண்டு நடந்த போட்டியில் ஐந்து வண்டிகள் எல்லையை அடைந்தன. ஓர் ஆண்டில் அத்துணை முன்னேற்றம்! இவ்வூர்திகள் ஒளிப்படக் கருவியாலும், ரேடார் அலையாலும், லேசர் ஒளியாலும் சுற்றுப்புறத்தை அளக்கின்றன. விண்ணில் சுழலும் துணைக்கோள்களின் துணையால் தம் இடத்தை அறிகின்றன. கணிப்பொறியால் முடிவு செய்கின்றன. பொறியியலார் இவற்றைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளாகப் பகுத்துள்ளனர். முதற்படிகளில் மனிதனே ஓட்டுகின்றான். பொறி துணை செய்கின்றது. இடைப்படியில் பொறி ஓட்டுகின்றது. அழைத்தபோது மனிதன் பொறுப்பேற்க வேண்டும். இறுதிப்படியில், எவ்விடத்தும் எக்காலத்தும் மனிதத் துணை இன்றியே ஊர்தி செல்ல வேண்டும். அவ்விறுதிப்படியை எந்த ஊர்தியும் இன்னும் எட்டவில்லை.

தண்டவாளத்தின் மீது செல்லும் ஊர்திகளிலோ இம்முறை நன்கு பயன்படுகின்றது. தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2003 முதல் ஓட்டுநர் இல்லாத நிலத்தடித் தொடர்வண்டி ஓடுகின்றது. தில்லி மெட்ரோவின் ஒரு தடத்தில் 2020 டிசம்பரில் இம்முறை தொடங்கப்பெற்றது. இதற்குக் காரணம் தெளிவு. அவ்வழி வேலியிட்ட வழி. அங்கு ஆடு குறுக்கே வருவதில்லை, பாறை உருள்வதில்லை, எதிரே வண்டி வருவதில்லை. வழி எவ்வளவுக்கு அடங்கியதோ, அவ்வளவுக்குப் பொறி சிறக்கும். அத்தகைய இடத்தில் அதனை ஏற்பதில் தடையொன்றும் இல்லை.

திறந்த சாலையின் நிலை வேறு. 2018 மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓர் இரவு, சோதனைக்காக ஓடிய ஊர்தி ஒன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை மோதிக் கொன்றது. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. மோதுவதற்கு 5 விநாடிக்கு மேற்பட்ட காலம் முன்னரே பொறி அவரைக் கண்டுவிட்டது. ஆயினும் அவர் யார் என்று துணிய அதனால் இயலவில்லை. ஒரு கணம் ஊர்தி என்றது. ஒரு கணம் வேறு பொருள் என்றது. ஒரு கணம் மிதிவண்டி என்றது. கண் இருந்தது, காட்சி தெளியவில்லை. ஊர்தியில் காவலுக்கு ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பார்வை சாலையில் இல்லை; கைத்தொலைபேசியில் இருந்தது.

அக்காவலர் குற்றம் செய்தார் என்பதில் ஐயமில்லை. 2023-இல் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆயினும் நாம் ஒன்று கேட்க வேண்டும். மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திரு. ஒரு கணத்தில் எல்லாம் செய் என்று மனிதனுக்கு ஆணையிடுவது இயல்புக்குப் பொருந்துமா? கை வேலை செய்யும்போது கண் விழித்திருக்கும். கைக்கு வேலை இல்லையெனில் கண்ணும் தளரும், கருத்தும் தளரும். பொறியை அமைத்த நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. விடை சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர், சம்பளத்திற்கு அமர்ந்திருந்த ஒருவரே. பெருங்கதையின் யானையை இங்கே மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஏவியவன் யார் என்று கேளாமல், யானையின் வயிற்றில் இருந்தவனை மட்டும் பிடித்துத் தண்டித்தால் நீதி நிறைவு பெறுமா?

இனி, கொல்லிமலைக்கு மீள்வோம். அங்கு மூடுபனி ஒளிப்படக் கருவியின் கண்ணை மறைக்கும். குறுகிய வளைவில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், ஓட்டுநர் இருவரும் கையசைத்தும் விளக்கைக் காட்டியும் ஒருவர் கருத்தை ஒருவர் அறிந்து, ஒருவர் பின்வாங்குவர். அங்கே சட்டத்தோடு நயத்தக்க நாகரிகமும் பேசுகின்றது. தலைச்சுமையோடு ஒரு மூதாட்டி தொலைவில் விரைந்து வருவதைக் கண்டால், நல்ல ஓட்டுநர் ஒரு கணம் காத்திருப்பார். அடுத்த பேருந்து எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியும். அம்மூதாட்டி வீடு சேர வேண்டிய தொலைவும் தெரியும். கால அட்டவணையில் அவ்வொரு கணத்திற்கு இடமில்லை. மனித நெஞ்சில் இடம் உண்டு.

இந்நெஞ்சின் ஈரத்தை நம் முன்னோர் ஊர்தியோடு சேர்த்தே பாடினர். படர்வதற்குக் கொம்பு இல்லாமல் வாடிய முல்லைக்குப் பாரி தன் தேரையே ஈந்தான். அகநானூற்றுத் தலைவன் ஒருவன், தன்னை எதிர்நோக்கி இருக்கும் தலைவியைக் காண விரைந்து வருகின்றான். அவ்விரைவிலும், வழியிலுள்ள சோலையில் தேன் உண்ணும் வண்டுகள் அஞ்சக் கூடாதென்று, தேர்மணிகளின் நாவை ஒலியாதவாறு கட்டிவிடுகின்றான். ஊர்தியின் பயன் சேருமிடம் சேருதல் என்று மட்டும் கருதினால், இவ்விருவரும் அறிவிலிகள் ஆவர். சேரும் வழியில் பிற உயிர்க்கு ஊறு நேராமை வேண்டும் என்று கருதினால், இவர்களே நல்லாசிரியர்கள். பொறிக்கு விரைவைக் கற்பிக்கலாம், விதியைக் கற்பிக்கலாம். விதியில் எழுதாத இடத்தில் இரக்கம் காட்டுவதற்கு, இரக்கம் உடைய ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

பிழைப்பைப் பற்றிய கேள்வியும் எளியதன்று. ஓட்டுநர் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் நம் நாட்டில் மிகப் பல. ஓட்டுநர் இல்லாத கார்கள் அவர்களுடைய வேலையைப் பறிக்கும். ஆதலின் அவற்றை இந்தியாவில் இடம்பெற விடமாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இல் கூறினார். அவ்விரக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும் தடை ஒன்றே என்றும் போதும் என்று கருதல் இயலாது. இன்று நம் ஊர்களில் ஓடும் பேருந்தும் ஒரு காலத்தில் மாட்டுவண்டிக்காரரின் பிழைப்பைக் குறைத்தே வந்தது. 1983-இல் வங்கிகளில் கணிப்பொறிகளைப் புகுத்துவது பற்றி, வங்கி நிருவாகங்களும் ஊழியர் சங்கங்களும் அமர்ந்து பேசி உடன்படிக்கை செய்துகொண்டன. அதுவே செல்லத்தக்க வழி. பொறியால் பயன்பெறுவோர், பொறியால் இழப்போரோடு முன்னரே அமர்ந்து பேசுதல் வேண்டும். இழந்தபின் இரங்குதல் அறமாயினும், இழக்குமுன் எண்ணுதல் அதனினும் சிறந்த அறம்.

ஆதலின் என் கருத்து இது. பொறிக்குக் கையின் வேலையைக் கொடுக்கலாம். கண்ணுக்குத் துணையாக அதனை வைத்துக்கொள்ளலாம். பொறுப்பை மட்டும் அதற்குக் கொடுத்தல் ஆகாது. கொல்லிமலைச் சாலையில் ஓட்டுநர் அயர்ந்தால் எழுப்பும் பொறி வரட்டும். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியை முன்கூட்டி உணர்த்தும் பொறி வரட்டும். சூடேறும் பிரேக்கைக் காட்டிக் கொடுக்கும் பொறி வரட்டும். அவை ஓட்டுநரின் திறமையைக் கூட்டும். ஓட்டுநரைச் சும்மா அமரவைத்து, பிழை நேர்ந்தபின் அவர் தலையில் பழியைச் சுமத்தும் முறை மட்டும் வேண்டா. எந்த ஊர்தி தானே ஓடினாலும், அதனை ஏவியவர் பெயரும், நிறுத்த வல்லவர் பெயரும், விடை சொல்பவர் பெயரும் மக்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அம்மூன்றும் சட்டத்தில் தெளிவாக எழுதப்படாத வரையில், மக்கள் நடமாடும் சாலையில் அவ்வூர்திக்கு இடம் கொடுத்தல் முறையன்று.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து வாழும் காலத்தில் இத்தகைய பொறிகள் இன்னும் பெருகும். உங்களுள் சிலர் அவற்றை அமைப்பீர்கள்; சிலர் அவற்றுக்குச் சட்டம் செய்வீர்கள்; பலர் அவற்றில் ஏறிச் செல்வீர்கள். விசயை மயிற்பொறியை இயக்கக் கற்றது போல, நீங்கள் ஏறும் பொறியின் இயல்பைக் கற்றுக்கொள்ளுங்கள். பொறி வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கையும் வழியறியும் திறனையும் கைத்தொழிலையும் மறந்துவிடாதீர்கள். பொறி நின்றுபோகும் நாளில் அவையே உங்களைக் காக்கும்.

புறநானூற்றுப் புலவர் பாடிய விண்ணூர்தி யாருக்குக் கிடைக்கும் என்பதையும் மறவாதீர்கள். தாம் செய்ய வேண்டிய நல்ல செயல்களைச் செய்து முடித்துப் புலவர் பாடும் புகழைப் பெற்றவர்க்கே அது கிடைக்கும் என்றார் அவர். பாகன் இல்லாத ஊர்தி, உழைப்புக்குப் பின் வரும் சிறப்பு. உழைப்புக்கு ஈடாக வருவதன்று. கொல்லிப்பாவை தன் அழகோடு கதையில் நிற்கட்டும். நம்மையும் நம் மக்களையும் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவுகளில் இறங்கும் ஊர்திக்கு, அழைத்தால் திரும்பிப் பார்க்கும் பாகன் ஒருவன் வேண்டும்.